அடிமூடியைக் கழற்றினால் என்ன?

ஈப்போவில் கணினி, கைப்பேசி என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது யிக் ஃபூங் கட்டடம்தான். தமிழ்ப் பையன் நிற்கும் கடையாக இருந்தால் சனி, ஞாயிறுகளில் ஒரே மாதிரியான பேச்சு காதில் விழும். சுங்கை சிப்புட்டிலிருந்தோ பீடோரிலிருந்தோ மகனோடு வந்த அம்மா ஒருவர், கனமான கேமிங் மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைப்பார்.

"தம்பி, மெமரி ஃபுல்லாயிருச்சாம். கேம் ஏற மாட்டேங்குதுன்னு ராத்திரியெல்லாம் ஒரே புலம்பல்."

"ரேமா, ஸ்டோரேஜாக்கா?"

அம்மா மகனைப் பார்ப்பார். மகன் கூரையைப் பார்ப்பான். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது தம்பி, நீயே பாத்துப் போட்டுக் குடு" என்று அம்மாவே பேச்சை முடித்துவிடுவார்.

"ஒண்ணும் தெரியாது" என்று சொல்லும் அந்த அம்மா பத்துப் பதினைந்து ஆண்டுகள் சிப் தொழிற்சாலையில் நுண்ணோக்கிக்குக் கீழே வேலை பார்த்தவராக இருக்கலாம். ஈப்போவில் அது அரிதான செய்தியே இல்லை. கார்செம் நிறுவனம் இங்கே 1972இல் தொடங்கியது. யூனிசெம் 1992இல் இயங்க ஆரம்பித்தது. இரண்டுமே சிப்புகளுக்கு உறை போட்டு, கால் வைத்து, சோதித்து அனுப்பும் தொழிற்சாலைகள். உலகத்துக் கணினிகளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதோ அதைச் செய்த ஊர் இது. அந்த ஊரில் ஒரு மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்ற ஏன் இவ்வளவு பயம்?

விடை ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பேராவில் ரப்பரின் கதை கோலாகங்சாரில் தொடங்குகிறது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் ஒன்பது அங்கே நடப்பட்டன. பின்னால் காட்டை அழித்து நிரை நிரையாக மரம் வைத்ததும், வெட்டியதும், பால் சுமந்ததும் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். மரம் சீவுவதைக் கூலி வேலை என்று கணக்கில் எழுதினார்கள். அதன் நுட்பத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும், சரிவு ஏறத்தாழ 30 பாகை. பால் குழாய்கள் பட்டையின் உள்ளடுக்கில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மெல்லிய ஏடு போல இருப்பது மரத்தை வளர்க்கும் பகுதி. உளி அதைத் தொட்டுவிட்டால் மரம் புண்ணாகும், அந்த இடத்தில் புதுப் பட்டை ஒழுங்காக வராது. தொடாமல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டு நிறுத்த வேண்டும். இதை விடிவதற்கு முன், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், நாளொன்றுக்கு நானூறு ஐந்நூறு மரங்களுக்குச் செய்தார்கள்.

இவர்களை யாரும் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் என்று சொன்னதில்லை. தோட்டத்தில் இயந்திரம் என்பது பூட்டிய அறைக்குள் இருந்தது. ஜெனரேட்டர் அறைக்கு ஓர் ஆள், ஆலைக்கு ஓர் ஆள், கணக்குப் புத்தகத்துக்குக் கிராணி. லயத்தில் விளக்கு எரியவில்லை என்றால் கிராணியிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீயாகத் தொட்டுக் கெட்டுப்போனால் அது உன் தலையில் விடியும். "தொடாதே, ஆள் வருவான்" என்ற பாடம் இரண்டு மூன்று தலைமுறைக்கு அப்படித்தான் ஊட்டப்பட்டது.

பிறகு தோட்டங்களே கரையத் தொடங்கின. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போக, நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது. சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் காசைக் கொண்டே தோட்டங்களை வாங்க வைத்தார். அதில் மீண்டவை சில. மற்ற பல செம்பனைக்கு மாறின, வீட்டுமனைகளாக மாறின. இன்று பேராவின் தமிழ்ப்பள்ளிப் பெயர்ப் பலகைகளில்தான் பழைய தோட்டங்களின் பெயர்கள் அழியாமல் இருக்கின்றன: எல்பில், டோவன்பி, ஹெவூட்.

தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். பாரிட் புந்தார், தைப்பிங் பக்கத்தவர்களைப் பினாங்கு இழுத்துக்கொண்டது, கிந்தா பக்கத்தவர்களுக்கு ஈப்போவே இருந்தது. சிப்புக்கும் அதன் கால்களுக்கும் இடையே தங்கக் கம்பி இழுக்கும் வேலை அந்நாளில் கையாலும் கண்ணாலும் நடந்தது. கம்பியின் தடிமன் 25 மைக்ரான் அளவு, தலைமயிரில் பாதிகூட இல்லை. உளியை மில்லிமீட்டரில் நிறுத்திய அம்மாவின் மகள் கம்பியை மைக்ரானில் நிறுத்தினாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், கெட்டுப்போன ரேடியோவைத் தொட அவளுக்கும் பயம். முழுப் பொருளை யாரும் அவளிடம் திறந்து காட்டவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் இருக்கைக்கு வந்து போகும் ஒரு துண்டு.

வீட்டுக்குள் கணினி நுழைந்தது 1990களின் கடைசியில், அதுவும் பெரும்பாலும் தவணையில். அது வாய்க்காத பையன்களுக்கு, சிசி என்று அவர்கள் அழைத்த சைபர் கஃபேதான். பள்ளி விட்டதும் கவுண்டர் ஸ்டிரைக், டோட்டா. சேமிப்பு என்றால் 1.44 எம்பி கொள்ளும் டிஸ்கெட். ஒரு நல்ல புகைப்படத்தை இன்றைய கைப்பேசியில் எடுத்தால் இரண்டு மூன்று டிஸ்கெட் தேவைப்படும்.

மேசைக் கணினிக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க் போடுவது அந்நாளில் சின்னச் சடங்கு. கப்சாய் மோட்டாரில், பின்னால் உட்கார்ந்திருப்பவன் மடியில் டவர் பெட்டியை வைத்துக்கொண்டு, சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் ரிப்பன் போல அகலமான கேபிள் தொங்கும். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் என்றால் எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று நகத்தளவு பிளாஸ்டிக் செருகியை மாற்றிக் குத்த வேண்டும். தவறினால் இரண்டுமே தெரியாது. பழைய பயோஸ் என்றால் 8.4 ஜிபிக்கு மேல் கண்ணுக்கே படாது. எஃப்டிஸ்க் என்ற கறுப்புத் திரையில் ஓர் எழுத்தை மாற்றித் தட்டினால் ஆயுட்காலச் சேமிப்பு போய்விடும். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அன்று அது உண்மையிலேயே ஆள் வந்து செய்ய வேண்டிய வேலை.

இன்று அந்தப் பயத்துக்குத் தேவையே இல்லை. ஆனால் பயம் மட்டும் அப்படியே நிற்கிறது.

கேமிங் மடிக்கணினியை வாங்கிக் கொடுத்த அப்பாக்களுக்கு அதன்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. கனம், சத்தம், சூடு, விளையாட்டு. நான் அதன் பக்கம்தான் பேசுவேன். மெலிந்த அழகான மடிக்கணினிகள் பலவற்றில் ரேமைத் தாய்ப்பலகையிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள், சிலவற்றில் சேமிப்பையும். ஆப்பிளின் மேக்புக்கில் வாங்கும்போது எவ்வளவோ, சாகும்வரை அவ்வளவுதான். தடித்த கேமிங் மடிக்கணினியோ இன்னும் திறக்க விடுகிறது. ஏசர் நைட்ரோ, ஏசுஸ் டஃப், லெனோவோ லீஜியன் வரிசைகளில் பல மாடல்களில் இரண்டாவது சேமிப்புக்கான இடத்தைத் தயாரிப்பாளரே காலியாக விட்டு அனுப்புகிறார். காசு கொடுத்து வாங்கிய வீட்டில் ஓர் அறையைத் திறந்தே பார்க்காதவர்கள் நம்மில் ஏராளம். ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கிலும் கம்பார் யூடாரிலும் படிக்கும் பிள்ளைகள் விளையாடுவதற்கு மட்டும் இதை வாங்குவதில்லை. வரைகலை, கட்டட வரைபடம், காணொளித் தொகுப்பு எல்லாமே இதில்தான் ஓடும்.

இடம் ஏன் போதவில்லை? பெட்டியில் 512 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், விண்டோஸ் 476 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. 1 டிபி வாங்கினால் 931 என்று தெரிவதும் இதனால்தான். இந்த 476இல் விண்டோஸும் அதன் மீட்புப் பகுதியும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக மீதிதான் நமக்கு. பால்டர்ஸ் கேட் 3 கேட்பது 150 ஜிபி. பிளாக் மித்: வூகோங் 130. நம் பையன்கள் விடாத டோட்டா 2க்கு 60. மூன்றைப் போட்டாலே பாடக் கோப்புகளுக்கு மூச்சு முட்டும்.

ரேம் என்பது வேறு. வேலை நடக்கும்போது மட்டும் பிடித்து வைத்துவிட்டு, அணைத்தால் மறந்துவிடும். கேம் "ஏற" மாட்டேன் என்றால் சேமிப்பில் குறை. ஏறிய கேம் திக்கித் திணறினால் ரேமையோ கிராபிக்ஸையோ பார்க்க வேண்டும். கடைக்குப் போகும்முன் இந்த ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் காசு மிச்சம்.

இனி மூடிக்கு வருவோம். முதலில் கணினியின் அடியில் உள்ள ஒட்டுச்சீட்டைப் பார்த்து மாடல் எண்ணை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். "நைட்ரோ" என்றால் போதாது, அதில் பல உண்டு. தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டினால் சேமிப்புப் பலகை செருக எத்தனை எம்.2 இடம், எந்த வகை என்று இருக்கும். அதே மாடலைத் திறந்து காட்டும் காணொளியும் அநேகமாகக் கிடைக்கும். இன்று பெரும்பாலும் தேவைப்படுவது எம்.2 2280 என்விஎம்இ எஸ்எஸ்டி: 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், சூயிங்கம் துண்டு போன்ற பலகை. இதே உருவத்தில் சாட்டா வகையும் விற்கிறது. என்விஎம்இக்கு மட்டுமான இடத்தில் அது வேலை செய்யாது. ஜென் என்பது வேகத் தலைமுறை: ஜென் 4 வாங்கி ஜென் 3 இடத்தில் போட்டால் கெட்டுப்போகாது, ஜென் 3 வேகத்தில் ஓடும், அவ்வளவே. ஜென் 3 நொடிக்குச் சுமார் 3,500 எம்பி, பழைய ஹார்ட் டிஸ்க் 100, 150. விளையாட்டுக்கு ஜென் 3 தாராளம். அதற்கு மேல் கொட்டும் காசைக் கண்ணால் காண்பது கடினம்.

காலி இடம் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பழையதைத் தொடாமல் புதியதைப் பக்கத்தில் வைத்துவிடலாம், விண்டோஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே இடம்தான் என்றால் பழையதை அப்படியே நகலெடுத்துப் புதியதற்கு மாற்ற வேண்டும். முதல் முறை என்றால் அதைக் கடையில் கொடுப்பதே நல்லது. நான் பிடிவாதக்காரன் இல்லை.

எதுவானாலும் முக்கியமான கோப்புகளை முதலில் வெளியே நகலெடுங்கள். விண்டோஸ் 11 பல கணினிகளில் பிட்லாக்கர் பூட்டைத் தானாகவே போட்டிருக்கும். உள்ளே ஏதாவது மாறியதைக் கண்டால் 48 இலக்க மீட்பு எண் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும், முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் ராத்திரி பதினொரு மணிக்கு நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். மேசைமேல் துணி விரித்துக் கவிழ்த்து வையுங்கள். ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் திருகாணிகளை அந்தந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அவற்றின் நீளம் ஒன்றுபோல் இருக்காது, நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் உள்ளே குத்தும். விளிம்பைப் பிரிக்கக் கத்தி கூடாது, காலாவதியான டச் அண்ட் கோ அட்டை போதும். மூடி "டக் டக்" என்று சத்தம் போட்டுத்தான் பிரியும். உடைந்துவிட்டதோ என்று எல்லோருக்கும் வயிறு கலங்கும் இடம் அது. அவை வெறும் கொக்கிகள்.

திறந்ததும் ஒரு படம் எடுங்கள். கதவு திறந்தே கிடக்கும் தாமான் வீட்டுக் கணினி என்றால் தூசியோடு எறும்புக் குடும்பம் ஒன்றும் குடியிருக்கக்கூடும், விசிறியைத் தூரிகையால் மெல்லத் தட்டிவிடுங்கள். பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஏதாவது இரும்புச் சாமானைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். பிறகு எஸ்எஸ்டியை ஓரங்களில் பிடித்துச் சாய்வாகச் செருக வேண்டும். சாய்வு ஏறத்தாழ 30 பாகை, மரம் சீவும் கோட்டுக்கு உள்ள அதே சரிவு. பலகையில் உள்ள வெட்டு, இடத்தில் உள்ள மேட்டோடு பொருந்தினால்தான் உள்ளே போகும். திருப்பி வைத்தால் போகாது, பலவந்தம் வேண்டாம். மறுமுனை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், அழுத்திப் பிடித்து ஒரே ஒரு சின்னத் திருகாணி. அந்தத் திருகாணி எஸ்எஸ்டிப் பெட்டியில் பெரும்பாலும் வராது. கணினியிலேயே இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் வாங்கும் கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூடிப் பூட்டி உயிர் கொடுத்ததும் பலர் அலறுவது அடுத்த கட்டத்தில். புதிய டிஸ்க் எங்கேயும் தெரியாது. "கெட்டுப்போனதைத் தலையில் கட்டிட்டான்" என்று கடைக்குத் திரும்ப வண்டி எடுப்பார்கள். புதிய எஸ்எஸ்டி கோடு போடாத வெற்றுக் கணக்குப் புத்தகமாக வருகிறது, நாம்தான் கோடு போட வேண்டும். ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால், புதிய டிஸ்க்கைத் தயார் செய்யட்டுமா என்று அதுவே கேட்கும். ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே கறுப்புப் பட்டையோடு தெரியும் காலி இடத்தை வலது சொடுக்கி நியூ சிம்பிள் வால்யூம், பிறகு நெக்ஸ்ட், நெக்ஸ்ட். நீலப் பட்டை உள்ள பழைய டிஸ்க்கின் பக்கமே போகாதீர்கள். அது முடிந்ததும், கேம்களை வாங்கி ஏற்றும் ஸ்டீம் செயலியின் அமைப்புகளில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்ப் புதிய டிரைவைச் சேர்த்து, கேம்களை அங்கே நகர்த்தலாம். மறுபடி பதிவிறக்க வேண்டியதில்லை.

இன்றைய நிலையில் எல்லாமே வசதி என்று சொல்ல மாட்டேன். அன்று கடையில் போலி டிஸ்க் விற்பது கடினம், இன்று இணையச் சந்தையில் ஐம்பது வெள்ளிக்கு "16 டிபி" கிடைக்கிறது. அதற்குள் இருப்பது ஒரு சின்ன நினைவட்டை. கணினியிடம் பொய் சொல்லும்படி எழுதி வைத்திருப்பார்கள். கோப்புகள் ஏறுவது போலவே இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. விலையும் ஏறி இறங்குகிறது. 2023இல் எஸ்எஸ்டி நன்றாக மலிந்தது. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் சிப்புகளை அள்ளிக்கொள்ள, விலை மேலே போனது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளருக்கான தன் குரூஷியல் வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. இதே மைக்ரானின் எஸ்எஸ்டி தொழிற்சாலை இருப்பது பினாங்கு பத்து காவானில். பேராவின் வடமேற்கு எல்லையில் இருக்கும் பாரிட் புந்தாரிலிருந்து காரில் போய்வரும் தூரம். நம் ஊர்க்காரர்களின் கை பட்ட பொருளுக்கு நாமே வரிசையில் நிற்கிறோம்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. கேமிங் மடிக்கணினியின் விலை பெரும்பாலும் அதைவிட அதிகம். ஆகவே "தொட்டுக் கெட்டுட்டா?" என்று கேட்கும் அம்மாவின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். வாரண்டிக் காலம் முடியவில்லை என்றால் மூடியைத் தொடும்முன் சேவை மையத்துக்கு எழுதி, திறந்தால் வாரண்டி போகுமா என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்ஆப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கி வையுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது. திருகாணிமேல் ஒட்டுச்சீட்டு இருந்தால் கேட்காமல் கிழிக்காதீர்கள்.

தோட்டப் பெயர் தாங்கிய பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்கள் பேராவில் நிறைய இருக்கின்றன. விருந்து வைக்கிறார்கள், டி-சட்டை அடிக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினிகள் நான்கைந்தைச் சேர்த்து, ஒரு சனிக்கிழமை காலையில் பள்ளி மண்டபத்தில் பிள்ளைகளையும் அம்மாக்களையும் உட்கார வைத்து, மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். கெட்டுப்போனால் நட்டமில்லாத பொருள், ஒரு பொடி ஸ்க்ரூடிரைவர், ஒரு தாள், இரண்டு மணி நேரம். இதற்கு மானியம் கேட்டு யாரிடமும் போக வேண்டியதில்லை.